வெங்கடசாமி சார் எழுதாத கடிதம்

அல்சூர்
15 பிப்ரவரி 2026, ஞாயிறு

திரு. ரங்கநாதன் அவர்களுக்கு,

கோபம் வந்தால்தான் எனக்கு மரியாதை வரும் என்று நீங்களே உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் இந்தக் கடிதம் முழுக்க 'நீங்கள்'தான்.

நேற்று எம்.பி.ஏ. இன்டர்வியூ முடிந்து ஏன் வீட்டுக்கு வரவில்லை, ஏன் போனை எடுக்கவில்லை என்று பதினேழு மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

புனே கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுவில் நரைத்த முடியோடு ஒரு பேராசிரியை. பெங்களூர் பீன்யாவில் எட்டு வருஷமாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பம்ப் கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங், எந்த ஆர்டர் எந்த நாளில் எந்த லைனில் ஓடவேண்டும் என்று முடிவு செய்கிற வேலை என்றேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் ஒரு தாளை எடுத்து, "உங்கள் ஜெனரல் மேனேஜர் உங்கள் குறையைப் பற்றி எழுதியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் படித்தார். 'எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் வீணா பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாக இருப்பதால் அவரைத் திருத்தவும் முடிவதில்லை.'

இதை எழுதியது வெங்கடசாமி சார் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் எந்த மெயிலுக்கும் 'நோட்டட்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எழுதியதில்லை. இது நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆறு வருஷமாக நான் கேட்டுவரும் புகார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த அம்மா "இதைப் பற்றி நீங்கள்..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் "அப்படியெல்லாம் இல்லை மேடம்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு நினைவில்லை.

தப்பு என் பக்கமும் உண்டு. சிபாரிசு எழுதும் லிங்க் கல்லூரியிலிருந்து வெங்கடசாமி சாருக்கு வந்தது. அவர் வழக்கம்போல, "நீயே எழுதி அனுப்பிடும்மா, நான் வேற எழுதணுமா" என்று எனக்குத் தள்ளிவிட்டார். என்னை நானே புகழ்ந்து எழுதக் கூச்சமாக இருந்தது. நீங்கள் நன்றாக எழுதுவீர்கள் என்று உங்களுக்குத் தள்ளினேன். நான் கேட்டது சிபாரிசு. நீங்கள் எழுதியது பிராது.

பெட்டிகூட இல்லாமல் நேராக அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி: "இன்னாடி, எத்தினி நாளைக்கு வந்துகிற? அரிசி ஊறப் போடணும், அதான் கேக்கறேன்." தெரியாது என்றேன். இரண்டு ஆழாக்கு கூடப் போட்டாள்.

இனி போன் வேண்டாம். போனில் நான் குறுக்கே பேசுவேன், நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். மெயிலில் எழுதுங்கள். எழுத்தில் யாரும் யாரையும் இடைமறிக்க முடியாது.

வீணா


எலெக்ட்ரானிக் சிட்டி
17 பிப்ரவரி 2026

வீணா,

எனக்கு உன்னை 'நீங்கள்' என்று எழுத வராது. கோபம் மட்டும் உனக்குக் குறையாமல் இருக்கிறது.

முதலில் ஒன்று. நேற்று கேஸ் சிலிண்டர் வந்தது. ஓ.டி.பி. உன் நம்பருக்குத்தான் போகும். நீ போனை எடுக்கவில்லை. சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. இப்போது பக்கத்து வீட்டு ஆஞ்சலா அக்காவிடம் கரண்ட் அடுப்பை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். என் மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டு, சிலிண்டரிடம் காட்டாதே.

இப்போது அந்தக் கடிதம். நீ கொடுத்தாய், நான் கேட்டு வாங்கவில்லை. வேலை முடிந்து வந்து மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். அந்தப் படிவத்தில் 'விண்ணப்பதாரரின் குறை ஒன்றை உதாரணத்துடன் விளக்கவும், இருநூறு சொற்களுக்குக் குறையாமல்' என்று இருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. உலகத்தில் எல்லாரும் அந்த இடத்தில் 'அதிகமாக உழைப்பார்' என்று எழுதுகிறார்கள். குறை கேட்டால் நிறையைச் சொல்வது. படிக்கிறவர்கள் முட்டாள்களா? நான் உண்மையில் இருப்பதை எழுதினேன். அதுவும் பதில் சரியாக இருக்கும் என்று சேர்த்துத்தானே எழுதினேன்? அது உன் காதில் விழவில்லை.

இன்னொன்று. புனேயா, பெங்களூரா என்று நீ ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தாயே, அதற்கு ஒரு எக்செல் போட்டிருக்கிறேன். இணைத்திருக்கிறேன். புனே: ஒரு வருஷம், வேலையை விட்டுவிட்டு ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது. பெங்களூர்: இரண்டு வருஷம், சனி ஞாயிறு வகுப்பு, வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். பத்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் வெயிட்டேஜ், ஒவ்வொன்றுக்கும் மார்க். உணர்ச்சிக்கு இடமே இல்லை. பெங்களூர் 78, புனே 71. நிதானமாகப் பார்.

எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன். மாவு புளித்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

ரங்கா


அல்சூர்
20 பிப்ரவரி 2026

ரங்கநாதன் அவர்களே,

மாவைக் கொட்டிவிடுங்கள். ஓ.டி.பி. வந்தால் அனுப்பிவைக்கிறேன், மறுபடி புக் பண்ணுங்கள்.

உங்கள் எக்செல்லை நிதானமாகவே பார்த்தேன். பிளானிங்கில் இருப்பவளுக்கு எக்செல் அனுப்பினால் அவள் மார்க்கைப் பார்க்க மாட்டாள், ஃபார்முலாவைப் பார்ப்பாள் என்று உங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள். அதில் 'தொடர்ச்சி' என்று ஒரு அம்சம். எது தொடர வேண்டும், எதற்காகத் தொடர வேண்டும், ஒரு விளக்கமும் இல்லை. ஆனால் நூற்றில் இருபத்தைந்து வெயிட்டேஜ். படிப்பின் தரத்துக்கே பத்துதான். பத்து அம்சத்துக்கும் பத்துப் பத்து என்று சமமாக்கிப் பார்த்தேன். புனே ஒன்பது மார்க் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அப்புறம் 'பயணம்'. பெங்களூர் கல்லூரிக்குப் பத்துக்கு ஒன்பது. வீட்டிலிருந்து வகுப்புக்கு இருபது நிமிஷமாம். வாரத்தில் ஐந்து நாள் நான் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பீன்யாவுக்குப் போய்வருகிறேனே, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அதன் மேல் சனி ஞாயிறும் வகுப்பு. அந்த ஆள் எப்போது தூங்குவாள் என்பதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

இங்கிருந்து பீன்யாவுக்கு ஐம்பது நிமிஷம். இந்த வாரம் நான் வேலை முடிந்து வந்து, அம்மாவோடு டீ குடித்து, ஏரிப் பக்கம் ஒரு நடை நடந்து திரும்பியும் வெளிச்சம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று அம்மா கேட்டாள். வெயிலுக்கு என்றேன்.

கடைசியாக ஃபைல் பெயர். 'வீணா எம்.பி.ஏ. வெர்ஷன் ஏழு.' முதல் ஆறு வெர்ஷனில் என்ன ஆயிற்று?

நேரடியாகக் கேட்கிறேன். புனே கிடைக்கக் கூடாது என்றுதான் அந்தக் குறையை அப்படி எழுதினீர்களா? ஆமாம் இல்லை என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். எக்செல் வேண்டாம்.

வீணா


எலெக்ட்ரானிக் சிட்டி
22 பிப்ரவரி 2026

வீணா,

இல்லை.

ஒரு சொல் கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால் நீ என்னை நம்பப் போவதில்லை. நான்கு முறை எழுதி அழித்த கடிதம் இது.

முதல் ஆறு வெர்ஷனிலும் புனேதான் ஜெயித்தது. ஒவ்வொரு முறையும் வெயிட்டேஜை மாற்றினேன். ஏழாவதில்தான் பெங்களூர் முன்னால் வந்தது. எங்கள் ஆபீசில் யாராவது ரிசல்ட்டுக்கு ஏற்றபடி டெஸ்ட்டை மாற்றினால் நான் அவனைச் சும்மா விட மாட்டேன். அதையே நான் செய்தேன்.

ஆனால் சிபாரிசுக் கடிதம் வேறு. அதை எழுதியபோது உனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். எனக்கு அந்தப் படிவம் பார்க்காமலே தெரியும். ஏன் தெரியும் என்பதைத்தான் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே புனே கல்லூரிக்கு நான் மூன்று வருஷம் தொடர்ந்து விண்ணப்பித்தேன். 2022, 2023, 2024. மூன்று முறையும் இல்லை என்றுவிட்டார்கள். உன்னிடம் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். எனக்கும் என் மேனேஜர் லிங்கை எனக்கே தள்ளினார். எனக்கு நானே எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டேன். குறை என்ற இடத்தில் 'அதிகமாக உழைப்பார்' என்று எழுதினேன். அது வேலைக்கு ஆகாது என்று மூன்று முறை அடிபட்டுத் தெரிந்துகொண்டதால்தான் உனக்கு மட்டும் உண்மையை எழுதினேன். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததே, அது அந்தக் கடிதத்தால் என்று இன்னும் நினைக்கிறேன்.

அழைப்பு வந்த அன்று நீ ஹாலில் நின்று கத்தினாய். நானும் கைதட்டினேன். அன்று சாயங்காலமே எக்செல்லைத் திறந்துவிட்டேன்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. சிலிண்டர் வந்துவிட்டது.

ரங்கா


அல்சூர்
11 மார்ச் 2026

ரங்கா,

இரண்டு வாரமாக ஏன் பதில் போடவில்லை என்று கேட்பாய். எப்படித் திட்டுவது என்று தெரியாமல்தான். கோபத்தை விடப் பெரியதாக ஒன்று வந்தால் மரியாதை போய்விடுகிறது, அதனால் 'நீ'.

மூன்று வருஷம். 2023 மார்ச்சில் மைசூரில் க்ளையன்ட் மீட்டிங் என்று சொல்லிவிட்டு, நான் தேய்த்துக்கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாயே, அது இன்டர்வியூவா? திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய். வயிறு சரியில்லை என்றாய். நான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். உன்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு தப்பான வியாதிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கிறது என்று உனக்குப் புரியுமா?

சரி. செய்தி சொல்கிறேன். பெங்களூர் கல்லூரி இடம் கொடுத்துவிட்டது. புனேயும் கொடுத்துவிட்டது. சந்தோஷப்படலாம் என்று நினைக்காதே, மீதியைப் படி.

புனேக்காரர்கள் இடம் கொடுத்தவர்களின் சிபாரிசுக் கடிதங்களை எழுதியவருக்கே திருப்பி அனுப்பி, 'இதை எழுதியது நீங்கள்தானா, 16ஆம் தேதிக்குள் உறுதி செய்யவும்' என்று கேட்கிறார்கள். நேற்று வெங்கடசாமி சார் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் உன் கடிதம், பிரின்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அப்போதுதான் முதல் முறையாகப் படிக்கிறார், நானும்தான்.

2024 ஆகஸ்டில் வார்ப்பாலையிலிருந்து காஸ்டிங் லாட் வராமல் நாற்பது பம்ப் தேங்கி நின்றதே, அதைப் பற்றி அவர் குரலில் நீ எழுதியிருக்கிறாய். 'அப்போது முடிவுகள் என் மேஜையில் மூன்று நாள் கிடந்தன. வீணா என்னைக் கேட்காமலே லைனை மாற்றி அனுப்பிவைத்தார். அதற்காக அவரைக் கண்டித்தேன். அது என் தவறு.'

அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, தப்புன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

சொல்லவில்லைதான் சார் என்றேன். யார் எழுதியது என்றார். என் கணவர் என்றேன். "நம்ம பிளான்ட்டுக்கு அவர் எப்ப வந்தாரு?" வந்ததே இல்லை என்றேன். அவர் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "பொய்க்கு நான் கையெழுத்து போட மாட்டேன். யோசிக்கிறேன், ஹோகம்மா" என்றுவிட்டார். அவர் கன்னடத்தில் போகச் சொன்னால் எல்லாரும் எழுந்து போய்விடுவோம்.

என் இடம் இப்போது அவர் மேஜையில் இருக்கிறது. ஒரு மேனேஜர் செய்யாத மன்னிப்பை அவர் வாயால் நீ கேட்க வைத்தாய், அவர் அதை உறுதி செய்தால்தான் எனக்குப் புனே. இப்படி ஒரு வம்பு இந்த ஊரில் வேறு எந்தக் குடும்பத்துக்கு வரும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த நாற்பது பம்ப் கதையை நான் உன்னிடம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். 'ம்' கூடச் சொல்லவில்லை. சுவரிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். ஆனால் கடிதத்தில் பெயின்ட் ஷாப் ஆளின் பெயர் வரைக்கும் சரியாக இருக்கிறது. இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வீணா


எலெக்ட்ரானிக் சிட்டி
13 மார்ச் 2026

வீணா,

நேற்று லீவு போட்டுவிட்டுப் பீன்யாவுக்குப் போனேன். உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. நீ ஸ்டோர் ஆடிட்டுக்குப் போயிருந்ததாக ரிசப்ஷனில் சொன்னார்கள், அதுவும் நல்லதாகப் போயிற்று.

மெட்ரோவில் மஞ்சள் லைன், பிறகு பச்சை லைன், பிறகு ஷேர் ஆட்டோ. ஆர்.வி. ரோட்டில் மாறியதிலிருந்து பீன்யா வரை நின்றுகொண்டே போனேன். வீட்டு வாசலிலிருந்து உங்கள் கேட்டுக்கு ஒரு மணி ஐம்பது நிமிஷம். ஒரு தரம்தான் போனேன். ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்ததும் கண் சொருகியது. நீ இதை வருஷக்கணக்கில் செய்திருக்கிறாய், நான் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறேன்.

வெங்கடசாமி சார் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். உள்ளே போனதும் உண்மையைச் சொன்னேன். நான்தான் எழுதினேன், வீணா படித்துக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கு எதுவும் தெரியாது என்றேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்றார். சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்றேன். "அதான். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கறீங்க. என்னையும் டெஸ்ட் பண்ணிட்டீங்க" என்றார். பிறகு அந்த வரியைக் காட்டி, "மூணு நாள்னு எழுதியிருக்கீங்க. ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அஞ்சு நாள்" என்றார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை.

அந்தக் கடிதத்தைத் தான் எழுதவில்லை என்று கல்லூரிக்குச் சொல்லப் போவதாகச் சொன்னார். நான் கெஞ்சினேன் வீணா. ஒரு வரி உறுதி செய்துவிடுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றேன். "எழுதினது உண்மை, எழுதின ஆள் பொய். நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்துவிட்டார்.

உன் இடம் என்னால் போகப் போகிறது. மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. திரும்பி வரும்போது ரயிலில், இடம் போய்விட்டால் நீ இங்கேயே இருப்பாய் என்று மனதின் ஒரு மூலையில் ஒரு நினைப்பு வந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது. உடனே அருவருப்பாகவும் இருந்தது. இரண்டும் வந்தது உண்மை.

ரங்கா


அல்சூர்
15 மார்ச் 2026

ரங்கா,

உன்னை என்ன சொல்லித் திட்டுவது? தமிழில் வார்த்தை போதவில்லை. கன்னடத்தில் தெரிந்ததையும் அம்மாவிடம் சொல்லித் தீர்த்துவிட்டேன். அம்மா, "ரெண்டு பேரும் பேசாம இருந்தப்பதான் நல்லா இருந்தீங்க, இப்போ எழுதிக்கினு சண்ட போடறீங்க" என்கிறாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வெங்கடசாமி சாரிடம் போய், "சார், நீங்க எழுதலன்னே எழுதிடுங்க. சீட்டு போனா போவுது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆடிட்டுக்குப் போனேன். ராத்திரியெல்லாம் யோசித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். அவருடைய பெயரைப் போட்டு ஒரு வருஷம் புனேயில் உட்கார்ந்து, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே படிக்க எனக்கு முடியாது. நான் உண்மையைச் சொல்லச் சொன்ன அதே மேஜையில், நாலு மணி நேரம் கழித்து நீ போய் உட்கார்ந்து பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாய். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? இந்தம்மா காலையில் ஒன்று பேசுகிறாள், மத்தியானம் புருஷனை வேறு மாதிரி பேச அனுப்புகிறாள் என்றுதானே?

என்னைக் கேட்டிருக்கலாமே. ஆறு வருஷமாக நீ என்னைப் பற்றி எல்லாவற்றையும் செய்கிறாய், என்னைக் கேட்பதை மட்டும் செய்வதில்லை. கடிதம் எழுதினாய், கேட்கவில்லை. எக்செல் போட்டாய், கேட்கவில்லை. பீன்யாவுக்கே வந்தாய், கேட்கவில்லை.

அந்த மூலை நினைப்பைப் படித்தபோது போனைத் தூக்கி எறியப் போனேன். பிறகு வைத்துவிட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மைசூர் மீட்டிங் மாதிரி மறைக்காமல் சொன்னாய். அது பிடித்தது. எனக்கும் இரண்டும் வருகிறது.

சார் நேற்று எழுதிவிட்டார். இரண்டு கல்லூரிக்கும்தான், ஏனென்றால் இரண்டுக்கும் உன் கடிதம்தான் போயிருந்தது. பெங்களூர்க்காரர்கள் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்கள்: பரவாயில்லை, புதிய கடிதம் ஒன்று பிறகு தந்தால் போதும், 25ஆம் தேதிக்குள் சேருவதை உறுதி செய்யவும். புனேயிலிருந்து பதில் இல்லை.

ஆகவே உன் வெர்ஷன் ஏழு ஜெயிக்கிற மாதிரி இருக்கிறது. திருப்திதானே?

வீணா


எலெக்ட்ரானிக் சிட்டி
22 மார்ச் 2026

வீணா,

திருப்தி இல்லை. அந்த ஃபைலை ஏழு வெர்ஷனோடும் அழித்துவிட்டேன்.

25ஆம் தேதிக்கு மூன்று நாள் இருக்கிறது. பெங்களூரை எனக்காக எடுக்காதே. புனே கிடைக்காவிட்டாலும் எனக்காக எடுக்காதே. நீ அதை எடுத்துக்கொண்டு சனி ஞாயிறும் தூங்காமல் படித்தால், என்னைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அது ஞாபகம் வரும். எனக்கும் வரும்.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்டது போலவே இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து ஒரு பையோடு இந்த ஊருக்கு வந்தவன் நான். நீ இங்கேயே பிறந்தவள். எந்தக் கடையிலும் கன்னடத்தில் பேரம் பேசுவாய், எந்த ஆபீசிலும் நேராக உள்ளே போவாய். பின்னாலேயே நிற்பது எனக்குப் பழகிவிட்டது, ஆனால் பிடித்தது என்று சொல்ல முடியாது. எனக்கு அந்தப் படிப்பு வேண்டும் என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், ஒரு நாள் இடம் கிடைத்த கடிதத்தை எடுத்துவந்து உன் முன்னால் வைத்து, பார் என்று சொல்லவேண்டும் என்பதுதான் வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் எனக்கு வரவில்லை. உனக்கு வந்தது. உனக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு பொறாமை என்று உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்லவே முடியாமல் இருந்தது.

இப்போது கேட்கிறேன். இதுவரை கேட்காததற்கும் சேர்த்து. உனக்கு என்ன வேண்டும் வீணா?

ரங்கா


அல்சூர்
29 மார்ச் 2026, ஞாயிறு

ரங்கா,

25ஆம் தேதி காலையில் பெங்களூர் கல்லூரிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அப்போது புனேயிலிருந்து பதில் வந்திருக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல்தான் எழுதினேன். ஆபீசில் ஜோவிதா பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பைத்தியமா?" என்றாள். இருக்கலாம் என்றேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அது. எனக்கு வேண்டியது புனே. இந்த வருஷம் இல்லையென்றால் அடுத்த வருஷம். தூக்கக் கலக்கத்தில் இரண்டு வருஷம் படித்து ஒரு சர்டிபிகேட் வாங்குவது எனக்கு வேண்டாம். எட்டு வருஷமாக மற்றவர்கள் எடுக்காத முடிவை எடுத்து, அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷமாவது நான் படிக்கிறவளாக மட்டும் இருக்கவேண்டும்.

வியாழக்கிழமை புனே பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். பழைய கடிதத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். வெங்கடசாமி சார் தன் கையால் புதிதாக எழுதிக் கொடுத்தால் இடம் உண்டு.

சார் என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே எழுதினார். நாலு வரி. 'வீணா எட்டு வருஷமாக எங்களிடம் வேலை செய்கிறார். நேரத்துக்கு வருவார். நல்ல உழைப்பாளி. இடம் கொடுக்கவும்.' குறை என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "நிஜமாவே தெரியலம்மா. உன்னை நான் சரியா பார்க்கலபோல" என்றார். நல்ல மனுஷர்தான். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

நேற்று உறுதி வந்துவிட்டது. ஜூன் ஒன்றாம் தேதி வகுப்பு. நான் போகிறேன் ரங்கா.

அந்த நாலு வரிக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. நீ எழுதிய மூன்று பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். சாரிடம் அதன் பிரின்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பையில்தான் இருக்கிறது. மெட்ரோவில் தினமும் படிக்கிறேன். என்னோடு ஒரே பிளான்ட்டில் எட்டு வருஷம் இருந்தவருக்கு என்னைப் பற்றி நாலு வரிதான் தெரிகிறது. நீ என் ஆபீஸ் வாசலைக்கூடப் பார்க்காமல் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். இவ்வளவையும் புனேயில் இருக்கிற, முகம் தெரியாத மூன்று பேரிடம் சொன்னாய். என்னிடம் ஒரு நாள்கூட ஒரு வரி சொன்னதில்லை. நான் முதல் நாள் கோபப்பட்டது அந்தக் குறைக்காக என்று நினைத்தேன். இல்லை. என் கோபம் இதுதான். இத்தனை நாள் எனக்கே தெரியவில்லை.

நீ பொறாமைப்பட்டாய். எனக்கு அது வலிக்கிறது. நான் போனபிறகும் உனக்கு அது வரும், போனில் உன் குரலில் கேட்கும், நானும் கண்டுபிடித்துவிடுவேன். அதற்கெல்லாம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் இருக்கிறது, பார்ப்போம்.

மே இருபத்தெட்டாம் தேதிக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. ஒரு டிக்கெட்தான். ஆனால் வழியனுப்பும் அன்றைக்குத்தான் உன்னைப் பார்ப்பது என்று ஆகிவிட வேண்டாம். அதுவரைக்கும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் இங்கிருந்துதான் வேலைக்குப் போகப் போகிறேன், அதில் மாற்றமில்லை. இங்கே இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசி டப்பாவைத் திறந்தாள்.

துணிமணியோடு இன்றைக்கே வா. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தனியாக உட்கார்ந்து கோபப்பட முடியவில்லை, பக்கத்தில் நீ வேண்டும்.

வீணா